மயிலாள் மட்டம் போடுவதில்லை

மயிலாள் செத்து ஆறு வருஷமாகிறது. ஆனாலும் போன வருஷம் அவள் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை.

"எக்கா, நான் பொய் சொல்லுவனா? நீங்களே பாருங்க." காண்ட்ராக்டர் ஆபீஸ் கிளார்க் ஜெபக்குமார் வருகைப் பதிவேட்டை மேஜைமேல் திருப்பி வைத்தான்.

வேல்விழி குனிந்து பார்த்தாள். கணக்கு எண் 214, மயிலாள். அந்தப் பெயருக்கு நேரே, ஏப்ரலில் தொடங்கி அடுத்த மார்ச் வரைக்கும், கட்டத்துக்குக் கட்டம் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. தீபாவளிக்கு நாலு நாள், பொங்கலுக்கு நாலு நாள் விட்டால் வேறு இடைவெளியே இல்லை. கம்பெனி முதலாளிகூட அத்தனை ஒழுங்காக வந்திருக்க மாட்டார்.

"இதுல என் ரேகை எது தம்பி?"

"உங்களது வேற நோட்டு. தேர்தல் குடோன் நோட்டு." அவன் இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் விரித்தான். "ஏப்ரல் பன்னிரண்டு, மயிலாள் பேர்ல நீங்க குடோன்ல பை தைச்சிருக்கீங்க. அதே பன்னிரண்டாந் தேதி மயிலாள் மங்கலம் ரோட்டு பனியன் கம்பெனியில கழுத்துப்பட்டி தைச்சிருக்கா. ஒரே ஆளு, ஒரே நாளு, ரெண்டு இடம். ஏசப்பா!"

அவன் கழுத்தில் ஜெபமாலை புதிதாகத் தொங்கியது. பாதி திறந்திருந்த மேஜை டிராயரில் ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தது. எது வேலை செய்தாலும் சரி என்று நினைத்திருப்பான்.

வேல்விழிக்கு வேண்டியதெல்லாம் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு ரூபாய்.

போன வருஷம் சட்டமன்றத் தேர்தலுக்கு, வாக்குச்சாவடிக்குப் போகிற அரக்கு, மை, பென்சில், நூல்கண்டு எல்லாவற்றையும் போட்டுக் கட்டத் துணிப்பைகள் தைக்க வேண்டியிருந்தது. தற்காலிகத் தையல்காரர்களை அனுப்பும் வேலையை எடுத்தவர் காண்ட்ராக்டர் ஆறுச்சாமி. அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்திருந்த வேல்விழியிடம் அவர் வாக்காளர் அட்டை கேட்டார். அது ஊரில் இருந்தது.

"அதுக்கென்ன கண்ணு? இந்தா, மயிலாளோட அட்டை. அவ செத்துப் போயிட்டா. வந்து கேக்கமாட்டா."

"செத்தவுக பேர்ல எப்படிண்ணே வேலை பாக்க?"

"செத்தவங்க ஓட்டே போடறாங்க. பை தைக்கக் கூடாதா?"

அட்டையில் மயிலாளுக்கு வயது நாற்பத்தெட்டு. வேல்விழிக்கு இருபத்தொன்பது. போட்டோவைப் பார்த்து யாரும் கேள்வி கேட்டுவிட முடியாது. அதில் இருப்பது பெண்ணா, மழையில் நனைந்த தபால்பெட்டியா என்று சொல்வதே கஷ்டம். ஆறுச்சாமி யாரிடமும் கையெழுத்து வாங்க மாட்டார். கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறும், கைநாட்டு எல்லாமே கறுப்புத்தான் என்பது அவர் கொள்கை. ஐம்பத்திரண்டு நாள் வேல்விழி மயிலாளாக இருந்தாள்.

கூலி வாங்கும்போதுதான் வயிறு எரிந்தது. பி.எஃப். என்று தொழிலாளி பங்கைப் பிடித்தது சரி, முதலாளி பங்கையும் அவள் கூலியிலேயே பிடித்திருந்தார்கள். கேட்டதற்கு, "தப்பா ஏறிப்போச்சு கண்ணு. எங்க போயிருது? கணக்குல பத்திரமா இருக்குது, அப்பறமா எடுத்துக்கலாம்" என்றார் ஆறுச்சாமி.

அந்த அப்புறம் இப்போது வந்துவிட்டது. நஜீமுதீன் பாய் கடையில் ஒரு பழைய ஓவர்லாக் மெஷினுக்கு வேல்விழி முன்பணம் கொடுத்திருந்தாள். சனிக்கிழமைக்குள் மீதியைக் கட்டாவிட்டால் மெஷினும் கிடையாது, முன்பணமும் கிடையாது. மெஷின் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டால், இனி யார் பேரிலும் யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. சொந்த வேலை, சொந்தப் பெயர். இன்றைக்குத் திங்கள்.

"தம்பி, பேயோ பிசாசோ எனக்கு வேண்டாம். என் காசை எடுத்துக் குடு."

"அதுலதாம்க்கா சிக்கல். வேலைய விட்டவங்களுக்குத்தான் பணம் தருவாவ. மயிலாள் இன்னும் விடலியே."

"நான்தானே மயிலாள்? நான் விட்டு வருஷம் ஆச்சே!"

"நீங்க விட்டீங்க. அவ விடலியே!"

வேல்விழி யோசித்தாள். "சம்பளத்தை யாரு வாங்குறா?"

"மேஸ்திரி மொத்தமா வாங்கிட்டுப் போயி அங்கயே பிரிச்சுக் குடுத்துருவாரு. நான் வேலைக்குச் சேந்து நாலு மாசந்தான். ஆளை நான் கண்டதே இல்ல. காண்ட்ராக்டர்கிட்ட கேக்கலாம்னா, காங்கேயத்துல காளை பாக்கப் போயிட்டு போனை எடுக்க மாட்டேங்கிறாரு."

"சரி, நானே போயி அவளை வேலைய விடச் சொல்லுறேன்."

"யாரைக்கா? செத்தவளையா?"

"வேலைக்கு வாரவ காது கேக்காமலா இருப்பா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு மங்கலம் ரோட்டுக் கம்பெனி வாசலில் நின்றாள். வாட்ச்மேன் அப்துல்லா நோட்டைத் திறந்தார்.

"பேரு சொல்லுங்க."

கணக்கு விஷயமாக வந்தவள் வேறு பெயர் சொன்னால் வம்பாகிவிடும். "மயிலாள்" என்றாள்.

"யாரைப் பாக்கோணுமுங்க?"

"மயிலாளை."

அப்துல்லாவின் பேனா நின்றது. நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். "மயிலாளு எட்டரைக்கே உள்ள போயாச்சுங்களே. ஏனுங்க, நீங்க எப்ப வெளிய வந்தீங்க?"

"நான் வெளிய வரலண்ணே. இப்பத்தான் உள்ள போகப்போறேன்."

அவர் இன்டர்காமை எடுத்தார். அவள்மீது வைத்த கண்ணை எடுக்காமலே பேசினார். "லைன்ல சொல்லுங்க. மயிலாளு கேட்டுல நிக்குது. மயிலாளைப் பாக்கோணுமாம்."

அந்த நிமிஷம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

எண்பது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த கூடம் ஒரேயடியாக ஊமையானது. வேல்விழி உள்ளே நுழைந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் பனியன் பஞ்சு வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. ஆட்கள் எல்லாம் காற்றுக்காக வாசல் பக்கம் நகர்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு மெஷினின் சக்கரம் மட்டும் மெல்ல, மிக மெல்ல, இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதில் ஆள் இல்லை. ஊசிக்கடியில் பாதி தைத்த கழுத்துப்பட்டி. பக்கத்தில் ஆவி பறக்கிற டீ டம்ளர். தரையில் ஒற்றைச் செருப்பு.

ஸ்டூலைத் தொட்டாள். சூடாக இருந்தது. பேய்க்குச் சூடு உண்டா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்பத்தானுங்க இருந்துச்சு." பின்னாலிருந்து வந்த குரலுக்கு வேல்விழி துள்ளி விழுந்தாள். லைன் சூப்பர்வைசர் அழகுமலை. "'மயிலாளு கேட்டுல வந்து நிக்குது'ன்னு சொன்னனுங்க. திரும்பறதுக்குள்ள ஆளைக் காணோம்."

"ஆளு எப்படி இருப்பாங்க?"

"பஞ்சு பறக்குதுன்னு தலையோட துணியைச் சுத்தியிருக்குமுங்க. மொகத்தை நானே முழுசாப் பாத்ததில்லீங்க. யாருகூடயும் பேச்சு வெச்சுக்காது. ஆனா வேலை மட்டும் பேய் மாதிரி செய்யுமுங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அன்று மத்தியானமே வேல்விழி பி.எஃப். ஆபீஸுக்கு பஸ் ஏறினாள். ஆபீஸ் வாசலில், ஜெராக்ஸ் கடையை ஒட்டி, நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பாள். ஃபாரம் எழுதித் தருவது தொழில். ஃபாரத்துக்கு அஞ்சு ரூபாய். மூக்குக்கண்ணாடி, வெற்றிலை, ஒரு பிஸ்கட் டப்பா. எல்லாருக்கும் அவள் ஃபாரம் அக்கா. உள்ளே இருக்கும் அதிகாரிகளுக்குத் தெரியாத விதியெல்லாம் அவளுக்குத் தெரியும் என்று சொல்வார்கள். பத்து வருஷம் பணம் கட்டினால்தான் பென்ஷன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

வேல்விழி ஒன்று விடாமல் கொட்டினாள். அட்டை, ஐம்பத்திரண்டு நாள், சனிக்கிழமைக் கெடு, சுற்றிக்கொண்டிருந்த சக்கரம்.

மயிலாள் என்ற பெயரைக் கேட்டதும் அக்கா பேனாவை மூடினாள்.

"வேண்டாங் கண்ணு. செத்தவ கணக்குல கையை வெக்காத."

"என் காசுக்கா அது!"

"அவ உன்னை என்ன பண்ணுனா? நேரத்துக்கு வேலைக்குப் போறா, மாசாமாசம் பணங் கட்டறா. உசுரோட இருக்கறவளே அப்படிக் கட்டறதில்ல. ஒழைச்சே ஓஞ்சவ. நீ போயி வேலைய விடுன்னு சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்?"

"உங்களுக்கு அவளைத் தெரியுமாக்கா?"

அக்கா வெற்றிலையை ஒதுக்கினாள். "பாத்திருக்கறன். நல்லாத்தான் இருந்தா. திடீருன்னு ஒரு நா 'செத்துப்போயிட்டா'ன்னாங்க. அவ்வளவுதான்." பிறகு குரலை இறக்கினாள். "தூங்கறவளை எழுப்பி உட்டறாத சாமி."

அஞ்சு ரூபாயை நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டாள். அதுதான் வேல்விழியை நிஜமாகப் பயமுறுத்தியது. ஃபாரம் அக்கா காசை மறுத்து யாரும் பார்த்ததில்லை.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து யாரோ, "ஏ மயிலா!" என்று யாரையோ கூப்பிட்டார்கள். சட்டென்று திரும்பிப் பார்த்தது வேல்விழி. திரும்பிய பிறகுதான் அது தன் பெயரில்லை என்று ஞாபகம் வந்தது.

ஆனாலும் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு ரூபாய் என்பது பயத்தைவிடப் பெரிய தொகை. புதன்கிழமை காலை ஜெபக்குமார் முன்னால் உட்கார்ந்து, தானே ஒரு கடிதம் எழுதினாள்.

"'சொந்தக் காரணங்களால் நான் வேலையை விட்டு நிற்கிறேன். இப்படிக்கு மயிலாள்.' போதுமா தம்பி?"

"கைநாட்டு வைங்க. எக்கா, அவ கோவப்பட மாட்டாளா?"

"கோவப்பட்டா நேர்ல வரட்டும். முகத்தையாவது பாப்போம்."

"நேர்லயா! எக்கா, அந்த ஆசையெல்லாம் உங்க ஊட்டுல வச்சுக்கிடுங்க. இங்க நான் ஒத்தையில இருக்கேன்!"

கடிதம் அன்றே கம்பெனிக்குப் போயிற்று. பதில் வியாழக்கிழமை காலை வந்தது. ஜெபக்குமார் ஆபீஸ் பூட்டைத் திறந்தபோது கதவிடுக்கில் செருகியிருந்ததாம். அவன் அதைக் கையால் தொடவில்லை. இரண்டு ஸ்கேலுக்கு நடுவில் இடுக்கி மேஜைமேல் வைத்திருந்தான்.

வேல்விழி படித்தாள்.

'நான் வேலையை விடவில்லை. விடவும் மாட்டேன். என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவள் யார் என்று எனக்குத் தெரியும். மறுபடி வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். இப்படிக்கு, மயிலாள்.' கீழே ஒரு பெருவிரல் ரேகை.

"எக்கா, இந்த ரேகை உங்க ரேகை மாதிரியே இருக்கு."

"எல்லா ரேகையும் அப்படித்தான் இருக்கும். சும்மா இரு."

"இல்லக்கா. ஒருவேளை..." அவன் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான். "ஒருவேளை நீங்க இங்க வேலைய விட்டுட்டுப் போன அன்னைக்கு, உங்க கையில பாதி அங்கயே நின்னுட்டோ என்னவோ?"

வேல்விழி தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டாள். முழுசாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி மறைத்துக்கொண்டாள்.

இனி இருப்பது ஒரே வழி. மறுநாள் வெள்ளிக்கிழமை, பி.எஃப். ஆபீஸில் குறை கேட்கும் நாள். மனு கொடுத்தால் அங்கேயே விசாரிப்பார்களாம். மயிலாள் என்ற பெயரில் யாரோ வேலை செய்வதாக ஒரு மனு. தான் யார் என்று கேட்டால்? அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆள்மாறாட்டம் என்று போலீஸைக் கூப்பிட்டுவிட்டால்? அதையும்தான்.

வெள்ளிக்கிழமை வாசலில் ஃபாரம் அக்கா அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள். "கண்ணு, சொன்னாக் கேளு, திரும்பிப் போயிரு" என்றாள். வேல்விழி நிற்கவில்லை. உள்ளே பெஞ்சுகளில் நூறு பேர் இருப்பார்கள். மனுவைக் கொடுத்துவிட்டு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். மின்விசிறி கிறீச் கிறீச் என்று அடித்துக்கொண்டது.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் கவுன்ட்டர் கிளார்க் தலையைத் தூக்கினார்.

"கணக்கு எண் 214. மயிலாள்!"

வேல்விழி எழுந்தாள்.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பினாள்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தலையோடு துணி சுற்றியிருந்தது. புருவத்திலும் இமையிலும் வெள்ளையாகப் பஞ்சு. இரண்டு கண்கள் மட்டும் வேல்விழியையே பார்த்தன.

முதலில் அலறியது யார் என்று பிறகு இருவருக்குமே ஞாபகமில்லை.

"வந்துட்டா! மயிலா, என்னை உட்டுடு தாயி! எனக்கு வேற பொழப்பு இல்ல!" அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏய், நீதான்டி மயிலா! எதுக்கு என்னையச் சொல்லுற?"

"அல்லா மேல சத்தியமா நானில்லீங்க! நான் சாயிரா பானு!"

நூறு பேர் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "யாரும்மா மயிலாள்?"

இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டி ஒரே குரலில், "அவங்க!" என்றார்கள்.

"ரெண்டு பேரும் வெளிய போயிப் பேசி முடிவு பண்ணுங்க. யாரு மயிலாள்னு முடிவானதும் அந்த ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. அடுத்து 305!"

வெளியே வந்து ஃபாரம் அக்காவின் அட்டைப்பெட்டி ஓரம் இருவரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். பிறகு சாயிரா பானு தலைத்துணியை அவிழ்த்தாள். முப்பது வயதிருக்கும். பயந்த முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கோழியைக்கூடப் பயமுறுத்த முடியாது.

"ஊட்டுக்காரரு ரேஷன் கார்டு, அட்டை எல்லாத்தையும் தூக்கிட்டு எங்கியோ போயிட்டாருங்க. என்ர பேருல ஒரு காயிதமும் இல்ல. காண்ட்ராக்டருதான் இந்தப் பேரைக் குடுத்தாரு. 'செத்தவதான், வந்து கேக்கமாட்டா'ன்னாரு. அஞ்சு வருஷமா யாரும் கேக்கல. செவ்வாக்கெழம மயிலாளு கேட்டுல நிக்குதுன்னு சொன்னதும் பாத்ரூம் ஜன்னலேறிக் குதிச்சு ஓடிட்டனுங்க. ஒரு செருப்புப் போயிருச்சு. கணக்கை மூடிருவாங்களோன்னு பயந்துதான் இன்னைக்கு வேலைக்கு நடுவுல பர்மிஷன் வாங்கிட்டு இங்க வந்து உக்காந்தனுங்க."

வேல்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்ப அந்தக் கடுதாசி? 'நான் சும்மா இருக்க மாட்டேன்'னு?"

"நீங்க வேலைய விடறன்னு எழுதுனீங்கல்ல, அதைப் பாத்துட்டு நடுங்கிப்போயி அக்காகிட்ட வந்தனுங்க. அக்காதான் எழுதிக் குடுத்துச்சு. 'வேலைய மட்டும் விட்டறாத, தைரியமா இரு'ன்னு சொல்லிச்சு."

"எந்த அக்கா?"

சாயிரா பானு கோன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினாள்.

வேல்விழி நிமிர்ந்தாள். "எனக்கும் நீங்கதானே சொன்னீங்க, கணக்குல கையை வெக்காதன்னு?"

ஃபாரம் அக்கா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

"போதும்" என்று வேல்விழி எழுந்தாள். "வாங்க சாயிரா. உள்ள போயி உண்மையைச் சொல்லிருவோம். கணக்கை மூடச் சொல்லுவோம். உங்க காசு உங்களுக்கு, என் காசு எனக்கு. போலீஸ்ல புடிச்சுக் குடுத்தாலும் சரி. என் மெஷினு போனாலும் போகுது. இனி ஒரு நாள்கூட என்னால பேயாப் பொழைக்க முடியாது."

"ஆமாங்க, எனக்கும் முடியாதுங்க."

"உக்காருங்க ரெண்டு பேரும்!"

ஃபாரம் அக்காவின் குரலில் இருந்த அதட்டலில் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். நூறும் ஐம்பதும் பத்துமாக எண்ணினாள். கடைசியில் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தைத் தேடி எடுத்து வைத்தாள். மொத்தத்தையும் வேல்விழியின் உள்ளங்கையில் திணித்தாள். எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு.

"போயி மெஷினைத் தூக்கிட்டு வா. சாயிராக் கண்ணு, மத்தியான வேலைக்கு நேரமாச்சு, நீ கெளம்பு."

"நீங்க எதுக்குக்கா உங்க காசைக் குடுக்குறீங்க?"

"இது உன்ர காசுதான்."

"என் காசு மயிலாள் கணக்குலல்ல இருக்கு?"

அக்கா டப்பாவை மூடினாள். அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தழைத்தாள்.

"அந்தக் கணக்கை மட்டும் மூடிப்போடாதீங்க சாமி, நான் செத்துப்போயிட்டன்னு ஆறு வருஷமா அந்தக் காண்ட்ராக்டரை நம்பவெச்சிருக்கறன், பென்ஷனுக்கு இன்னும் ஏழே மாசந்தான் பாக்கி!"